கழுதை சொன்ன கணக்கு

அத்தியாயம் 17

நாயை மலையில் விட்டுவிட்டு வந்தால் இந்தத் தொடரைப் படிப்பதையே நிறுத்திவிடுவோம் என்று மிரட்டியிருக்கும் வாசகர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நாய் வீட்டுக்கு வேண்டாம் என்று தீர்ப்புச் சொன்னது நான் இல்லை, திருப்பதி. அவரும் அவராகச் சொல்லவில்லை. போடியில் இருக்கும் அண்ணன் மொக்கையன் என்ன சொல்வார் என்று யோசித்துப் பார்த்து, அதைத் தன் வாயால் சொன்னார். திருப்பதியின் தீர்ப்புகள் எல்லாமே அப்படித்தான்.

மொக்கையனையும் குற்றம் சொல்வதற்கில்லை. போடியில் அவர்கள் வீட்டின் முன்பக்கம் ஏலக்காய்க் கடை, பின்பக்கம் குடித்தனம். ஏலக்காய் ரோஷக்காரச் சரக்கு. பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தப் பங்குனியில் திருப்பதியின் பிள்ளைகள் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்தார்கள். அது மூட்டைகளின் மேல் ஏறிப் படுத்தது. மதுரை வியாபாரி ஒருவர் காயை அள்ளி முகர்ந்துவிட்டு, "என்ன மொக்கையண்ணே, கடைக்குள்ள ஆட்டுக்கிடை போட்டிருக்கீகளா?" என்று கேட்டார். அன்று சாயங்காலமே ஆட்டுக்குட்டி ராசிங்காபுரத்துச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. ஆனியில் வந்த கீரிப்பிள்ளைக்கும் அதே கதி. "இனிமே நாலு காலுள்ள எதுவும் இந்த வாசப்படி ஏறக்கூடாது" என்று மொக்கையன் சொல்லிவிட்டார்.

அந்த நாலு காலில்தான் துரை வந்து நிற்கிறான்.

துரை, குரங்கணிக்கு மேலே இவர்களுடைய ஏலத்தோட்டத்துக் காவல்காரர் வீட்டு நாய்க்குட்டி. வெள்ளை நிறம், வேளாவேளைக்குச் சாப்பாடு, வேலை எதுவும் கிடையாது. அதனால் அந்தப் பெயர். தாய் நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போனதைப் போன வாரம் படித்தீர்கள். "இதையும் அது விட்டுவைக்காது. நீங்களே கொண்டு போயிருங்கத்தா" என்றாள் காவல்காரர் மனைவி சுருளியம்மாள். பிள்ளைகள் இரண்டும் திருப்பதியின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்கள். "பெரியப்பா ஒத்துக்கிட மாட்டாக" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார்.

இனிக் கூடைக்கு வருவோம். இந்த வாரக் கதையே கூடைக்குள்தான் இருக்கிறது.

ராமுத்தாயும் வீரையாவும் இரட்டைப் பிள்ளைகள். எட்டு வயசு. கைப்பிள்ளைகளாக இருந்த காலத்திலிருந்து அவர்கள் மலை ஏறுவதும் இறங்குவதும் ஒரே கழுதைமேல்தான். முதுகின் இந்தப் பக்கம் ஒரு கூடை, அந்தப் பக்கம் ஒரு கூடை. பொதிக் கழுதைக்கு இரண்டு பக்கமும் பாரம் ஈடாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் பொதி சரிந்து, கழுதையும் சேர்ந்து பள்ளத்தில் போய் நிற்கும். இரட்டைப் பிள்ளை பெற்றதில் தனக்குக் கிடைத்த ஒரே சௌகரியம் இதுதான் என்று அவர்கள் அம்மா சுந்தரம்மாள் சொல்வாள். ஒன்றுக்கு ஒன்று ஈடு.

வைகாசியில் அது கெட்டது. தோட்டத்தில் இருந்தபோது வீரையாவுக்கு மலைக்காய்ச்சல் கண்டது. திருப்பதி அவனைக் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கழுதை வரும்வரைகூடக் காத்திராமல், கீழே ஓடிவந்தார். ஏலக்காய் மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிற மனுஷர் அவர். தராசும் பெரும்பாலும் அதையேதான் சொல்லும். அன்று அந்தக் கைகளில் மகன் எவ்வளவு இருந்தான் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

காய்ச்சல் விட்டது. ஆடியில் சுருளி அருவிக் குளியல், ஐப்பசியில் மதுரைப் பெரிய டாக்டர், டானிக்கு, ஆட்டுக்கால் சூப்பு என்று வருஷம் ஓடியது. ஆனால் வைகாசிக்கு அப்புறம் திருப்பதி வீரையாவைத் தூக்கவே இல்லை. கை பயந்துவிட்டது.

மார்கழியில் அரைப் பரீட்சை லீவுக்குக் குடும்பத்தோடு மலைக்குக் கிளம்பினார்கள். குரங்கணியில் பிள்ளைகளைக் கூடையில் உட்கார வைத்ததும், ராமுத்தாய் பக்கம் கீழே இறங்கி வீரையா பக்கம் மேலே போய்விட்டது. வழியனுப்ப வந்திருந்த மொக்கையன் ஒன்றும் பேசாமல் எங்கேயோ போய் ஓர் அம்மிக்குழவியைத் தூக்கிவந்து வீரையாவின் காலடியில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஜீப்பில் ஏறிப் போனார்.

சுந்தரம்மாள் வழியெல்லாம் அழுதாள். மலைப்பாதையின் நடுவில் பாதைக் கருப்பன் இருக்கிறான். மகனுக்குக் காய்ச்சல் கண்டபோதே அவனிடம் வேண்டியிருந்தாள்: "எம்பிள்ளை பழையபடி அவன் அக்காளுக்கு ஈடா உக்காந்து வரட்டும். உனக்கு மணி கட்டுறேன்." வேண்டுதலுக்காக வாங்கிய வெண்கல மணி முந்தானை முடிச்சிலேயே மலை ஏறியது. கல்லும் கூடவே ஏறியதால் மணி முடிச்சிலேயே இருந்துவிட்டது.

இன்று மலையை விட்டு இறங்குகிற நாள். தோட்டத்தில் கடைசி ஏலப் பழமும் பறித்தாயிற்று. பொங்கலுக்குப் போடியில் இருக்க வேண்டும்.

விடிந்ததும் கழுதைக்காரர் பேச்சிமுத்து கழுதைகளோடு வந்தார். பெரியவர்கள் சட்டி பானையைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ராமுத்தாய் தன் சோலியை முடித்துவிட்டாள். துரைக்கு வயிறு முட்டக் கஞ்சி ஊற்றினாள். அவனுக்குக் கண் சொருகியதும் கம்பளியில் சுற்றி வீரையாவின் கூடைக்குள் வைத்தாள். மேலே தம்பியை உட்காரச் சொன்னாள்.

"மிதிச்சுரப் போறேன்" என்றான் வீரையா.

"காலை ரெண்டு பக்கமும் வச்சுக்க. குரங்கணி வரைக்கும் முழிக்க மாட்டான். ஜீப்புல ஏத்திட்டா அப்புறம் அப்பா எறக்கியா விடுவாக?"

பேச்சிமுத்து குழவிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடையைப் பார்த்தார். கம்பளி ஒரு பெருமூச்சு விட்டது. அவர் ராமுத்தாயைப் பார்த்தார். ராமுத்தாய் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள். பேச்சிமுத்து கல்லைக் கீழே வைத்துவிட்டு, அவளைத் தூக்கி எதிர்க் கூடையில் உட்கார வைத்தார். அவளுக்கு முழங்கால் இரண்டும் கூடைக்கு வெளியே வந்து நின்றன. வைகாசியில் மலை ஏறியபோது அவை உள்ளேதான் இருந்தன.

கூடைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் நின்றன.

திருப்பதி அப்போதுதான் வந்தார். கீழே கிடந்த கல்லைப் பார்த்தார். "ஏம்ப்பா, கல்லை வைக்கலையா?"

"வேண்டியதில்ல மொதலாளி. ஈடு சரியாருக்கு" என்றார் பேச்சிமுத்து. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

திருப்பதி கழுதையைச் சுற்றி வந்தார். இந்தப் பக்கம் குனிந்து பார்த்தார், அந்தப் பக்கம் குனிந்து பார்த்தார். கூடை விளிம்பில் கையை வைத்தார், அழுத்தவில்லை.

"சுந்தரம், இங்க வா."

"அடுப்பை அணைச்சுட்டு வர்றேன்."

"அது கெடக்கட்டும். வெரசா வா."

சுந்தரம்மாள் கரிக்கையோடு ஓடிவந்தாள். கல் கீழே கிடப்பதையும் கூடைகள் சமமாக நிற்பதையும் பார்த்தாள். பிறகு கணவர் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் வைகாசிக்குப் பிறகு அவள் பார்க்காத ஒன்று இருந்தது. அவள் கை தானாக முந்தானை முடிச்சைப் போய்த் தொட்டது.

"சுருளி, இந்தக் குழவியை நீ வச்சுக்க. இனி எங்களுக்கு இது எதுக்கு?" என்றார் திருப்பதி. கையோடு கழுதையை அதட்டினார்.

கழுதை என்ன செய்யும் பாவம், நடந்தது.

வழக்கமாகத் திருப்பதி பாதையில் அதிகம் பேசமாட்டார். இன்று எதிரே வந்தவர்கள் யாரும் தப்பவில்லை. தலையில் அரிசி மூட்டையோடு மேல் தோட்டத்துக்கு ஏறிக்கொண்டிருந்த ஒச்சம்மாளை நிறுத்தினார்.

"ஒச்சம்மா, பாத்தியா? எம்மகன் கல்லு இல்லாம எறங்குறான்."

"ஐயோ, இப்படி ஊருக்குத் தமுக்கடிக்காதீக. கண்ணு பட்டுரும்" என்றாள் ஒச்சம்மாள். மூட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் வீரையாவைச் சுற்றி நெட்டி முறித்தாள். அவள் விரல் கம்பளிக்குப் பக்கத்தில் போய் வந்தது. வீரையா மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

திருப்பதி முன்னால் நடந்தார். நடந்தவர் திரும்பி வந்தார். "அப்பு, கால் மடக்க எடம் இருக்கா?"

"இருக்குப்பா."

"தைப்பூசத்துக்குப் பழனி போவோம். உனக்கு மொட்டை போடுவோம். ரயில்ல போவோம்."

"சரிப்பா."

மகனின் கன்னத்தைத் தட்டிவிட்டு அவர் மறுபடி முன்னால் போனார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கைவீசி நடந்தார். பின்னால் இருந்து பார்த்தால் கல்யாண வீட்டுக்குப் போகிற ஆள் போலத்தான் இருந்தது.

வீரையா கழுதை முதுகுக்கு மேலே எட்டி அக்காளைப் பார்த்தான். "ராமு, நான் சொல்லிரப் போறேன்."

"வாயை மூடு."

"அப்பாவுக்கு நான் குண்டாயிட்டேன்னு நெனப்பு."

"நெனச்சுக்கிட்டுப் போகட்டும். நல்லதுதான?"

"பழனி வரைக்கும் துரையை என் மடியிலயே வச்சிருக்க முடியுமா?"

ராமுத்தாய் இதை யோசித்திருக்கவில்லை. நாய் ஜீப்பில் ஏற வேண்டும், அவ்வளவுதான் அவள் திட்டம். அதற்குள் அப்பாவின் சந்தோஷம் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்ளும் என்று எட்டு வயசுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

"சொன்னா துரையை இங்கயே விட்ருவாக" என்றாள் கடைசியில். "ராத்திரி சிறுத்தை வரும். அதுக்கப்புறம் உன் இஷ்டம்."

வீரையா குனிந்து கம்பளியைப் பார்த்தான். உள்ளே துரையின் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து அப்பாவின் முதுகைப் பார்த்தான். "அப்பா" என்று கூப்பிட்டான்.

"என்ன அப்பு?"

"ஒண்ணுமில்லப்பா."

கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்த பேச்சிமுத்து, செவிடர் மாதிரி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

பாதைக் கருப்பனுக்குக் கோயில் ஒன்றும் கிடையாது. வளைவில் ஒரு மரம், அடியில் ஒரு கல், கல்லுக்குப் பக்கத்தில் நட்டுவைத்த அரிவாள். மரக்கிளையில் யார் யாரோ வேண்டிக் கட்டிய மணிகள். அந்த வழியாகப் பொதியோடு போகிறவர்கள் எதையாவது வைக்காமல் அவனைத் தாண்டமாட்டார்கள். கருப்பனுக்குச் சுட்ட கருவாடு பிடிக்கும் என்பது இந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. சுந்தரம்மாள் வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்திருந்தாள்.

இலையை விரித்து வைத்தாள். சூடம் ஏற்றினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து மணியை எடுத்தாள். திருப்பதி கிளையை வளைத்துப் பிடித்தார். அவள் கட்டினாள்.

"கருப்பா, எங்க கண்ணுல தண்ணியைத் தொடச்சுட்ட" என்றாள். சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. "கல்லை எறக்கி எம்பிள்ளையை ஏத்திக் காட்டிட்ட."

திருப்பதி கண்ணை மூடிக் கும்பிட்டார்.

அந்த நேரத்தில்தான் கருவாட்டு வாசம் காற்றோடு கூடைப் பக்கம் போனது.

கம்பளி ஒரு துள்ளுத் துள்ளியது. வீரையா இரண்டு கையாலும் அமுக்கினான். கைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை மூஞ்சி வந்தது, பிறகு காது, பிறகு முழுத் துரையும் வெளியே பாய்ந்துவிட்டான். அவன் குதித்த வேகத்தில் ராமுத்தாயின் கூடை சடாரென்று இறங்கியது. வீரையாவின் கூடை ஏறியது. கழுதை தடுமாறிப் பக்கவாட்டில் இரண்டு எட்டு வைத்தது. பேச்சிமுத்து ஓடிப்போய்த் தூக்கிப் பிடித்தார்.

துரை யாரையும் பார்க்கவில்லை. நேரே கருப்பன் முன்னால் போய் உட்கார்ந்து, கருவாட்டைத் தின்ன ஆரம்பித்தான்.

மணி இன்னும் கிளையில் ஆடிக்கொண்டிருந்தது.

முதலில் பேசியது பேச்சிமுத்துதான். "கருப்பனுக்கு நாய்தானம்மா வாகனம். சாமிக்கு முன்னால வாகனம் சாப்பிடுது, விடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. திருப்பதி மேலே நின்ற கூடையையும் கீழே நின்ற கூடையையும் மாறி மாறிப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா பேச்சிமுத்து?"

"எனக்குக் கழுதை கோணாமப் போனாச் சரி மொதலாளி."

திருப்பதி கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாலு சத்தம் போட்டிருந்தால் பிள்ளைகள் நாலு அழுகை அழுது, காரியம் முடிந்திருக்கும். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார். பாறையில் உட்கார்ந்தார்.

"அப்ப, கனம் ஏறல" என்றார், யாரிடமும் இல்லாமல்.

ராமுத்தாய் ஓவென்று அழுதாள். "நாந்தாம்ப்பா வச்சேன். தம்பி சொல்லணும்னான், நாந்தான் விடல. துரையைச் சிறுத்தை தின்னுருமேன்னுதாம்ப்பா."

"அழாத ஆத்தா" என்றார் அவர். திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "பேச்சிமுத்து, நாளைக்கு நீ மேல போறப்ப நாயைக் கொண்டுபோய் சுருளிகிட்ட விட்ரு."

சுந்தரம்மாள் மணியைப் பார்த்தாள். "இதை அவுத்துரவாங்க?" என்று கேட்டாள். அவர் எழுந்து பாதை ஓரத்தில் கல் தேட ஆரம்பித்தார். ஒன்றை எடுத்தார், கையில் தூக்கிப் பார்த்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். மகனுக்கு எவ்வளவு குறைகிறது என்று அந்த மனுஷர் கல்லில் தேடுவதை வீரையா மேலே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கல்லு வேண்டாம்ப்பா" என்றான். "நான் நடக்குறேன்."

"உன்னால முடியாது அப்பு. எறக்கம்."

"முடியும்."

யாரும் தூக்கிவிடுவதற்கு முன்னால் அவன் கூடை விளிம்பில் காலைப் போட்டுச் சறுக்கிக் கீழே விழுந்தான். எழுந்து டவுசரைத் தட்டிவிட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். துரை கருப்பனுக்கு ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் முடித்துவிட்டு அவன் பின்னால் ஓடினான்.

"நானும்" என்று ராமுத்தாயும் குதித்தாள். இரண்டு பக்கமும் கூடை காலியானதும் கழுதை நிம்மதியாக ஒரு முறை உடம்பை உதறிக்கொண்டது.

இறக்கத்தில் நடப்பது ஏற்றத்தைவிடக் கஷ்டம். முழங்கால் பிடிக்கும். வீரையா முன்னால் போனான். அவனுக்குப் பின்னால் திருப்பதி, விழுந்தால் பிடிப்பதற்குக் கையை அரைகுறையாக நீட்டிக்கொண்டே போனார். அவன் அடுத்த வளைவு வரை போவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. போனான். மூங்கில் புதர் வரை போவான் என்று சுந்தரம்மாள் எதிர்பார்க்கவில்லை. அதையும் தாண்டினான். காப்பித் தோட்டத்து வேலி வந்தது. முகம் சிவந்து வியர்த்துக் கொட்டியது, ஆனால் காலை நிறுத்தவில்லை. துரை குறுக்கே ஓடி ஓடி அவனைத் தடுக்கிவிடப் பார்த்ததைத் தவிர வேறு ஆபத்து ஒன்றும் வரவில்லை.

ஓடையில்தான் நின்றான். தண்ணீர் குறைவுதான், ஆனால் பாறை வழுக்கும். ஒரு காலை வைத்தான், எடுத்துக்கொண்டான். அவன் திரும்பிப் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

திருப்பதி பின்னால் நின்றார். கை இரண்டையும் வேட்டியில் துடைத்தார். குனிந்தார்.

வைகாசியில் இதே ஓடையை அவர் தாண்டியிருக்கிறார். கம்பளிக்குள் பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று நடுத் தண்ணீரில் நின்று பிரித்துப் பார்த்திருக்கிறார். அவ்வளவு இலேசு. இதைத்தான் அவர் இத்தனை மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார்.

மகனின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார். நின்றார். கீழே இறக்கினார்.

மறுபடியும் தூக்கினார்.

"என்னப்பா?" என்றான் வீரையா.

திருப்பதி மூன்றாவது தடவை இறக்கித் தூக்கினார். இந்தத் தடவை அவன் பாரம் தாங்காமல் ஒரு காலைப் பின்னால் வைக்க வேண்டியிருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணீரும் வந்தது.

"சுந்தரம்!" என்று கத்தினார். "மணி கட்டினது கட்டினதாவே இருக்கட்டும்!"

"அக்காளுக்கு ஈடா இல்லையேங்க?"

"எப்படி இருக்கும்? அவ என்ன நிக்கவா செய்றா? அவளும் வளர்றால்ல! முழங்கால் கூடைக்கு வெளிய வந்து நிக்குது, நாம கவனிச்சமா? வளர்ற பிள்ளையை வளர்ற பிள்ளைக்கு எதுத்தாப்புல வச்சு நிறுத்திருக்கேன். ஏலக்காய் யாவாரி செய்ற வேலையா இது? எடைக்கல்லு வளந்தா எந்தச் சரக்குத்தான் ஈடாகும்?" அவர் மகனைத் தோளுக்கு மேல் ஏற்றி உட்கார வைத்தார். "வைகாசியில நான் தூக்கிட்டு வந்த பிள்ளை இவன் இல்ல. எங்கையைக் கேளு, சொல்லும்."

சுந்தரம்மாள் ஓடைக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ராமுத்தாயை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, தலையை முகர்ந்து முகர்ந்து முத்தம் கொடுத்தாள். யாரும் பார்க்காமல் வளர்ந்துவிட்ட குற்றத்துக்கு அந்தப் பிள்ளைக்கும் ஏதாவது கிடைக்க வேண்டாமா?

தண்ணீரைப் பார்த்து மிரண்டு துரை கரையிலேயே நின்று முனகினான். திருப்பதி நடு ஓடையில் நின்று திரும்பினார்.

"ஆத்தா, அவனையும் தூக்கிட்டு வா. நனையப் போறான்."

காதில் விழுந்தது உண்மைதானா என்று ராமுத்தாய்க்கு ஒரு கணம் சந்தேகம். அப்புறம் சந்தேகத்துக்கு இடம் கொடுக்காமல் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

ஓடை தாண்டிய மேட்டிலிருந்து குரங்கணி தெரியும். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த வீரையாவுக்குத்தான் முதலில் தெரிந்தது.

"அப்பா, ஜீப்பு வந்துருச்சு. பக்கத்துல பெரியப்பா நிக்கிறாக."

எல்லோரும் நின்றுவிட்டார்கள். வழியனுப்ப வருவாரே தவிர, கூட்டிப்போக மொக்கையன் ஒருநாளும் வந்தது கிடையாது. வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு, கை இரண்டும் பின்னால். பாதையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திருப்பதி நாயைப் பார்த்தார். அண்ணன் நின்ற பக்கம் பார்த்தார். மகனை இறக்கிக் கூடையில் உட்கார வைத்தார். ராமுத்தாயை எதிர்க் கூடையில் வைத்தார். பிறகு துரையின் கழுத்தைப் பிடித்து, வீரையாவின் காலடியில் தானே வைத்து, கம்பளியைப் போட்டு மூடினார்.

"இதைச் செஞ்சதுக்குத்தான பிள்ளைக அழுதுச்சு?" என்றாள் சுந்தரம்மாள். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"மொதல்ல நான் அண்ணன்கிட்டப் பேசிக்கிறேன். அதுவரைக்கும் கண்ணுல பட வேண்டாம்." கம்பளிப் பக்கம் குனிந்தார். "டேய், கொரச்சுக் கிரச்சுத் தொலச்சிராத." இது நாய்க்கு.

"ஈடு சரியாருக்கு மொதலாளி" என்றார் பேச்சிமுத்து.

கழுதை ஆடாமல் அசையாமல் இறங்கியது. கிட்டே வர வர மொக்கையன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். இந்தக் கூடையைப் பார்த்தார், அந்தக் கூடையைப் பார்த்தார். பின்னால் கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

"டேய் திருப்பதி, கல்லு எங்கடா?"

"தோட்டத்துல விட்டாச்சுண்ணே."

மொக்கையன் ஓடிவந்தார். போடி பஜாரில் பாதிப் பேர் அவர் ஓடிப் பார்த்ததில்லை. தோளிலிருந்த துண்டு வழியில் விழுந்தது. அதை எடுக்க அவர் நிற்கவில்லை. அந்தக் குழவியைத் தன் கையால் வைத்துவிட்டுப் போன நாளிலிருந்து இந்த மனுஷரும் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அந்த முகத்தில் தெரிந்தது.

"கல்லு இல்லாமயா! எம்மவன் கல்லு இல்லாமயா வந்தான்! வாடா வீரையா, பெரியப்பா தூக்கிப் பாக்குறேன்" என்று இரண்டு கையையும் நீட்டிக் கூடைக்கு வந்தார்.

கம்பளி மெல்ல அசைந்தது. வீரையா அப்பாவைப் பார்த்தான். ராமுத்தாய் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அண்ணே, ஒரு நிமிஷம்" என்று திருப்பதி குறுக்கே வந்து அண்ணனின் கையைப் பிடித்தார். அண்ணனைத் தடுத்து ஒரு வார்த்தை அவர் சொன்னது பிறந்ததிலிருந்து அன்றுதான்.

"தூக்குங்கண்ணே. நல்லாக் கனத்துட்டான், நானே தூக்கிப் பாத்தேன்" என்றார். மறுகையால் கம்பளியின் ஓரத்தைப் பிடித்தார். "ஆனா, ரெண்டு பேரையும் சேத்துத்தான் தூக்கணும்."